மழலையர் பள்ளி ஆண்டு விழா: குழந்தைகள் ஆடப் பாட்டுத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஆண்டு விழாவுக்கு ஆறு வாரம் இருக்கும்போதே ஆசிரியைகளின் வாட்ஸ்அப் குழுவில் பாட்டுப் பட்டியல் சுற்றத் தொடங்கிவிடும். 'இது செம ஹிட்', 'போன வருஷம் இதுக்குத்தான் கைதட்டல்' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சிபாரிசு இருக்கும். பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் பெரியவர்கள் ரசித்த பாட்டுகள். மேடை ஏறப்போவதோ மூன்றரை வயதுக் குழந்தை. புதிதாகப் பொறுப்பேற்கும் ஆசிரியைகள் சறுக்கும் இடம் இது.

இந்த வயதில் குழந்தை ஸ்டெப்பை வரிசையாக மனப்பாடம் செய்து ஆடுவதில்லை. காதில் விழும் சொல்லுக்கும் அடிக்கும் அதன் உடம்பு பதில் சொல்கிறது. 'தவளை' என்று கேட்டால் குதிக்கும். 'டும் டும்' என்று மேளம் விழுந்தால் காலைத் தட்டும். மேடையில் விளக்கு கண்ணைக் கூசி, கீழே அம்மாவைத் தேடி, பக்கத்துப் பிள்ளையின் ரிப்பனைப் பிடித்து இழுத்து, எல்லாம் மறந்து நிற்கும்போதும் பாட்டு காதில் விழுந்துகொண்டுதான் இருக்கும். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அந்தப் பாட்டே எடுத்துக் கொடுத்தால் குழந்தை மீண்டும் ஆடத் தொடங்கிவிடும். எடுத்துக் கொடுக்காத பாட்டாக இருந்தால் எத்தனை நாள் ஒத்திகை பார்த்தாலும் பாதியில் நின்றுவிடும். கீழே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்த ஒன்றுதான்.

வகுப்பைப் பார்த்துவிட்டுப் பாட்டைத் தேடுங்கள்

பிரீகேஜி, எல்கேஜி, யுகேஜி மூன்றையும் 'சின்னப் பிள்ளைகள்' என்று ஒரே கூடையில் போடக் கூடாது. மூன்று வயதுக் குழந்தைக்கு இரண்டு காலையும் சேர்த்துக் குதிக்க வரும். ஒற்றைக் காலில் ஒன்றிரண்டு விநாடிக்கு மேல் நிற்க வராது. நான்கு வயதில் நொண்டியடிக்கத் தொடங்கும். ஐந்தை நெருங்கும்போதுதான் ஒற்றைக் காலில் நிலையாக நிற்பதும், காலை மாற்றி மாற்றித் துள்ளி ஓடுவதும் கைகூடும். வலது கையால் இடது தோளைத் தொடுவது நமக்கு எளிது. பிரீகேஜிக்கு அது பெரிய வித்தை. இடம், வலம் என்று சொல்லிக் கொடுப்பதோ யுகேஜியிலேயே பலருக்குக் குழம்பும்.

அதனால் பாட்டு தேடுவதற்கு முன் மூன்று விஷயங்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை குழந்தைகள், மேடை எவ்வளவு அகலம், எத்தனை நிமிடம் கிடைக்கும். 20 அடி அகல மேடையில் கையை விரித்து ஆட ஒரு குழந்தைக்குக் குறைந்தது 3 அடி வேண்டும். ஒரு வரிசைக்கு ஆறு பேர், இரண்டு வரிசையில் பன்னிரண்டு பேர், பின்வரிசைப் பிள்ளைகள் முன்வரிசையின் இடைவெளிகளில். இதற்கு மேல் கூட்டினால் ஓட்டமும் சுற்றலும் உள்ள பாட்டு ஆகாது. நின்ற இடத்தில் கையாட்டும் பாட்டாகத்தான் எடுக்க வேண்டும்.

நேரத்தைப் பொறுத்தவரை பிரீகேஜிக்கு ஒன்றே கால் நிமிடம் போதும். எல்கேஜிக்கு ஒன்றரை நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டலாம். யுகேஜிக்கு இரண்டு, மிஞ்சினால் இரண்டே கால். நான்கரை நிமிடப் பாட்டை முழுதாகப் போட்டால் இரண்டாவது சரணத்தில் பாதிப் பிள்ளைகள் கீழே உட்கார்ந்திருப்பார்கள். பார்க்கிறவர்களுக்கு அது சிரிப்பாக இருக்கும், ஆசிரியைக்கு வியர்த்துக் கொட்டும்.

அடியை எண்ணுங்கள்

கடிகாரத்தை வைத்துக்கொண்டு பாட்டின் அடியை, அதாவது தாளம் விழும் தட்டை, 15 விநாடிக்குத் தட்டி எண்ணி, நான்கால் பெருக்குங்கள். 28 அடி விழுந்தால் நிமிடத்துக்கு 112. பிரீகேஜிக்கு 100 முதல் 115 வரை, மற்ற இரண்டு வகுப்புகளுக்கு 110 முதல் 125 வரை உள்ள பாட்டுகள் நன்றாக அமையும்.

மெதுவான பாட்டு குழந்தைக்கு எளிது என்பது பரவலான எண்ணம். உண்மையில் நேர்மாறானது. குழந்தைகளின் இயல்பான வேகம் பெரியவர்களுடையதைவிடக் கூடுதல். கையில் ஒரு டப்பாவைக் கொடுத்துத் தட்டச் சொல்லுங்கள், எவ்வளவு வேகமாகத் தட்டுகிறார்கள் என்று தெரியும். நிமிடத்துக்கு 70 அடி விழும் மெலடியில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே காத்திருப்பது அவர்களுக்குப் பெரும்பாடு. முந்திக்கொண்டு கையைத் தூக்கிவிடுவார்கள், ஆளுக்கொரு பக்கம் ஆகிவிடும். மறுபக்கம், 140-ஐத் தாண்டும் குத்துப் பாட்டில் காலும் கையும் அடியைப் பிடிக்க முடியாமல் வெறும் குதியாட்டமாக முடியும்.

ஆனால் 120 என்றால் ஒவ்வோர் அடிக்கும் ஓர் அசைவு என்று பொருள் இல்லை. 120-இல் எட்டு அடிக்கு 4 விநாடி ஆகிறது. பிரீகேஜிக்கு அந்த நான்கு விநாடிக்கும் ஒரே அசைவு. யுகேஜிக்கு நான்கு அடிக்கு ஒன்று என மாற்றலாம். அதற்கு மேல் வேகமாக அசைவை மாற்றுவது ஆசிரியையின் ஆட்டத் திறமையைத்தான் காட்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் நாட்டுப்புற மெட்டுகளில், கும்மிகளில் பல 'தகிட தகிட' என்று மும்மூன்றாக நடப்பவை. திரைப்பாடல்களில் பெரும்பாலானவை 'தகதிமி' என்று நந்நான்காக நடக்கும். மும்மூன்றாக ஓடும் பாட்டுக்கு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணி ஸ்டெப் போட்டால் கொஞ்ச தூரத்தில் தடம் புரளும். 'தகிட'வின் முதல் எழுத்து விழும் இடத்தில் மட்டும் கைதட்டப் பழக்குங்கள், குழந்தைகள் தானாக ஊசலாடத் தொடங்குவார்கள். ஒரே பாட்டில் நடை மாறினால், அதாவது பல்லவி ஒரு நடையிலும் இடையிசை வேறொரு நடையிலும் இருந்தால், அந்த இடையிசையை வெட்டிவிடுங்கள்.

வரியில் அசைவு இருக்க வேண்டும்

பாட்டை ஒருமுறை கண்ணை மூடிக் கேளுங்கள். ஒவ்வொரு வரியிலும் உடம்பால் செய்து காட்டக்கூடிய ஒரு சொல்லாவது வருகிறதா? யானை, குரங்கு, மழை, ரயில், பட்டம், தலை, மூக்கு, வா, போ, ஓடு, ஆடு, சுற்று. வந்தால் பாதி வேலை முடிந்தது. 'என் இதயத்தின் ஓரத்தில்' என்று தொடங்கும் வரிக்குக் குழந்தை என்ன செய்யும்? நெஞ்சில் கை வைக்கச் சொல்வீர்கள். அடுத்த வரிக்கும் அதையேதான் சொல்ல வேண்டியிருக்கும்.

இரண்டாவதாக, பல்லவி திரும்பத் திரும்ப வர வேண்டும். ஒன்றரை நிமிடத்தில் மூன்று முறை வந்தால் உத்தமம். பல்லவிக்கென்று ஓர் அசைவை நிலையாக வைத்துவிடலாம். நடுவில் தொலைந்துபோன குழந்தைக்கு அதுதான் திரும்பி ஏறும் படிக்கட்டு. மூன்றாவதாக, பாட்டில் எங்காவது ஒரு வேடிக்கை ஒலி இருந்தால் விடாதீர்கள்: விசில், ரயில் கூவல், கோழி கொக்கரிப்பது, திடீர் நிசப்தம், 'ஹோய்' என்ற கூச்சல். சென்னை, கோவை போன்ற ஊர்களில் வகுப்பில் தமிழ் அவ்வளவாகப் புரியாத பிள்ளைகளும் இருப்பார்கள். சொல் கைகொடுக்காத இடத்தில் அவர்களைக் காப்பாற்றுவது இந்த ஒலிதான்.

குழந்தைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த பாட்டா, புதிய பாட்டா என்ற கேள்வி எப்போதும் வரும். தெரிந்த பாட்டென்றால் வாயசைத்துப் பாடிக்கொண்டே ஆடுவார்கள், பார்க்க அழகு. ஆனால் டிவியில் பார்த்த கதாநாயகனின் ஸ்டெப்பும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும், நீங்கள் சொல்லிக் கொடுப்பது ஏறாது. பிரீகேஜிக்கு வகுப்பில் தினமும் பாடும் பாட்டையே எடுப்பது நல்லது. யுகேஜிக்குப் புதிய பாட்டு தாங்கும்.

எதை ஒதுக்க வேண்டும்

பல்லவியை மட்டும் கேட்டுவிட்டுப் பாட்டை முடிவு செய்யாதீர்கள். துள்ளலான பல்லவிக்குப் பின்னால் இரண்டாம் சரணத்தில் குடிப்பதைப் பற்றியும், பெண்ணின் உடம்பைப் பற்றியும் வரிகள் பதுங்கியிருக்கும். பாட்டு வரிகளை முழுதாக எழுத்தில் எடுத்து வாசியுங்கள். காதில் நழுவுவது கண்ணில் மாட்டும். இரட்டை அர்த்தம் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் அலுவலகத்தில் இருக்கும் இன்னொருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். அவர் சிரித்தால் விடை கிடைத்துவிட்டது.

காதல், குடி தவிர இன்னும் சிலவும் உண்டு. நிறத்தையும் குண்டு உடம்பையும் கேலி செய்யும் வரிகள், சாதிப் பெருமை பேசும் பாட்டுகள், ஒரு கட்சியையோ தலைவரையோ நட்சத்திரத்தையோ தூக்கிப் பிடிக்கும் அறிமுகப் பாட்டுகள், அரிவாளும் சவாலுமாக வரும் பாட்டுகள். மேடையில் குழந்தை ஆடும்போது கீழே ரசிகர் கூச்சல் கிளம்பினால் அந்த இரைச்சலிலேயே சிலர் அழுதுவிடுவார்கள். பக்திப் பாட்டு வைப்பதில் தவறில்லை. ஒரு வகுப்புக் குழந்தைகள் அத்தனை பேரின் வீட்டுக்கும் அது பொருந்துமா என்று மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

டிவி நடன நிகழ்ச்சிகளில் சிறுவர்களைப் பெரியவர்களுக்கான பாடல்களுக்கு வயதுக்கு ஒவ்வாத அசைவுகளோடு ஆட வைப்பது பற்றி மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2019 ஜூனில் தனியார் சேனல்களுக்கு அறிவுரை அனுப்பியது. அது பள்ளிகளுக்கு எழுதப்பட்டது அல்ல. ஆனாலும் 'எல்லாரும் ஆடுறாங்களே, என்ன தப்பு?' என்று கேட்கும் பெற்றோருக்குச் சொல்ல ஒரு பிடி கிடைக்கும்.

ரீல்ஸில் ஓடும் பாட்டைக் கேட்டு வரும் பெற்றோருக்கு இன்னொரு பதிலும் உண்டு. ரீல்ஸில் நாம் கேட்பது 15 முதல் 30 விநாடி. மிச்சப் பாட்டு அந்தத் துண்டைப் போல இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நவம்பரில் ஹிட்டான பாட்டு பிப்ரவரி விழாவுக்குள் ஊரெல்லாம் கேட்டுப் புளித்தும் போயிருக்கும்.

எங்கே தேடுவது

பாரதியாரும் கவிமணியும் குழந்தைகளுக்கென்றே எழுதிய பாடல்கள் இருக்கின்றன. இசையமைத்த பதிப்புகளும் பல கிடைக்கின்றன. இவற்றில் மெதுவாக, கச்சேரிப் பாணியில் பாடப்பட்டவற்றை விட்டுவிட்டு மேளமோ கஞ்சிராவோ தெளிவாகக் கேட்கும் பதிப்பை எடுங்கள். பள்ளியில் நன்றாகப் பாடும் ஆசிரியை இருந்தால் இன்னும் நல்லது. அவரையே பாட வைத்து, ஒரு டேப் மேளம் அல்லது தவில் அடியோடு போனில் பதிவு செய்யலாம். வேகமும் நீளமும் உங்கள் கையில். பிள்ளைகளுக்கும் பழகிய குரல்.

கும்மிப் பாட்டு இந்த வயதுக்குச் செய்து வைத்தது போலவே இருக்கும். வட்டமாகச் சுற்றிக் கைதட்டுவது, குனிந்து தட்டுவது, நிமிர்ந்து தட்டுவது. அவ்வளவுதான் ஆட்டம். பிரீகேஜிக்கு வட்டம் மட்டும் சரிவராது. நான்கு சுற்றுக்குள் வட்டம் முட்டை வடிவாகி, பிறகு ஒரு மூலையில் குவியலாகிவிடும். அவர்களை அரைவட்டமாக நிற்க வைத்துவிடுங்கள். கோலாட்டத்தை யுகேஜிக்கு முன் தொட வேண்டாம். அப்போதும் எதிரில் இருப்பவரின் கோலில் தட்டாமல் தன் இரண்டு கோல்களையும் ஒன்றோடொன்று தட்டிக்கொள்ளும் வகை மட்டும்.

திரைப்படங்களில் குழந்தைகளே பாடுவதாக வரும் பாட்டுகள், ரயில் பயணம், மிருகக்காட்சி, பண்டிகை, மழை என்று சூழலை விவரிக்கும் பாட்டுகள் எல்லாம் நல்ல சுரங்கம். ரீமிக்ஸ் பதிப்புகளைத் தவிருங்கள். நடுவில் டிஜேயின் பெயரும் எதிரொலியும் வந்து விழும். அடியும் மூலப் பாட்டில் உள்ளதுபோல் சீராக இருக்காது.

இரண்டு நாள் சோதனை

மூன்று பாட்டுகள் மிஞ்சியதும் முடிவை நீங்கள் எடுக்காதீர்கள். சாப்பாட்டு வேளைக்கு முன் வகுப்பில் ஒவ்வொன்றையும் ஒரு நிமிடம் போடுங்கள். எதுவும் சொல்லிக் கொடுக்காமல் ஓரமாக நின்று பாருங்கள். எந்தப் பாட்டுக்கு அதிகப் பேர் தாமாக எழுகிறார்கள்? எந்த வரியில் எல்லாரும் ஒரே மாதிரி அசைகிறார்கள்? எங்கே காதைப் பொத்துகிறார்கள்? குழந்தைகள் தாமாகக் கண்டுபிடிக்கும் அசைவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டெப் அமைக்கும்போது அதையே வைத்தால் சொல்லிக் கொடுக்க வேண்டியதே இல்லை. மறுநாள் இன்னொருமுறை போடுங்கள். முதல் நாள் புதுமைக்காக ஆடிய பாட்டு இரண்டாம் நாள் படுத்துவிடும். நல்ல பாட்டுக்கு, மறுநாள் முகப்பிசை தொடங்கியதுமே கண் விரியும்.

பாட்டை வெட்டுவது

கவனமாகச் செய்ய வேண்டிய வேலை இதுதான். கணினியில் அடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். யூடியூபிலிருந்து நேரடியாக ஓட்டும் எண்ணமே வேண்டாம், நடுவில் விளம்பரம் வரும்.

நிமிடத்துக்கு 120 அடி உள்ள ஒரு பாட்டை எல்கேஜிக்கு 96 விநாடியாக வெட்டுவதாக வைத்துக்கொள்வோம். எட்டு அடிக்கு 4 விநாடி என்பதால் மொத்தம் 24 எட்டுகள். முகப்பிசைக்கு 2 எட்டு, பல்லவிக்கு 4, அதே பல்லவி மறுபடியும் 4, இடையிசைக்கு 2, சரணத்துக்கு 6, மீண்டும் பல்லவி 4, முடிவுக்கு 2. முகப்பிசையை முழுதாக வெட்டிவிட்டு நேராகப் பாட்டில் குதிக்கக் கூடாது. அந்த எட்டு விநாடி பிள்ளைகள் 'ஓ, நம்ம பாட்டு' என்று அடையாளம் கண்டு, ஆசிரியையைப் பார்த்து, தயாராகும் நேரம். ஆனால் திரைப்பாடல்களில் முப்பது, நாற்பது விநாடி ஓடும் முகப்பிசையும் இருக்கும். அதைச் சுருக்கத்தான் வேண்டும்.

வெட்டும் இடம் எப்போதும் ஓர் எட்டின் முதல் அடிக்கு நூலிழை முன்பாக இருக்கட்டும். திரையில் அலைவடிவத்தில் மேள அடி செங்குத்தாக எழும் இடம் தெரியும், அதற்குச் சற்று முன்னால். ஒட்டும் துண்டும் அதேபோல் ஓர் எட்டின் முதல் அடியில் தொடங்க வேண்டும். எட்டின் நடுவில் வெட்டி ஒட்டினால் பெரியவர் காதுக்கு ஒரு சிறு தடுமாற்றமாகத்தான் கேட்கும். குழந்தையின் காலோ அங்கே தவறி, மிச்சப் பாட்டு முழுக்கத் தவறியபடியே போகும். தேர்வு செய்த பகுதியின் ஓரங்கள் அலையின் நடுக்கோட்டைத் தொடும் இடத்தில் அமைய இசட் விசையை அழுத்துங்கள். இல்லாவிட்டால் ஒட்டிய இடத்தில் 'டிக்' என்று ஒலி கேட்கும்.

பாட்டு 130 அடியாக இருந்தால் 'சேஞ்ச் டெம்போ' என்ற வசதியில் 8 சதவீதம் குறைத்தால் 120-க்கு வந்துவிடும். சுருதி மாறாது. வேகத்தோடு சுருதியையும் மாற்றும் இன்னொரு வசதி பக்கத்திலேயே இருக்கும். அதைத் தொட்டால் பாடகியின் குரல் பாடகர் குரல் போல் கனத்துவிடும். 10 சதவீதத்துக்கு மேல் குறைத்தால் மேளத்தின் கூர்மை மங்கி, தண்ணீருக்குள் கேட்பது போல் ஆகும். அவ்வளவு குறைக்க வேண்டிய பாட்டு உங்கள் வகுப்புக்கானது அல்ல.

முடிவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல பாட்டுகள் ஒலி மெல்ல மெல்லத் தேய்ந்து முடியும். அப்படியே விட்டால் பிள்ளைகளுக்கு எப்போது நிறுத்துவது என்று தெரியாது. கை அந்தரத்தில் தொங்கும், சிலர் ஆடிக்கொண்டே இருப்பார்கள், சிலர் கும்பிட்டுவிட்டுக் கிளம்புவார்கள். 'டம்' என்று ஓர் அடியோடு நிற்கும் இடத்தைப் பாட்டுக்குள் தேடி எடுத்துக் கடைசியில் ஒட்டுங்கள். அந்த 'டம்'முக்குக் கையை மேலே தூக்கி நிற்பது. இந்த ஒரு முடிவு நன்றாக அமைந்தால் நடுவில் நடந்த குளறுபடிகளைக் கீழே இருப்பவர்கள் மறந்துவிடுவார்கள்.

நான்கு பாட்டுகளைத் துண்டு துண்டாக ஒட்டிய மெட்லி சின்னவர்களுக்கு வேண்டவே வேண்டாம். பாட்டு மாறும் ஒவ்வோர் இடமும் அவர்களுக்குப் புதிதாகத் தொடங்குவது போலத்தான். யுகேஜிக்கு வேண்டுமானால் இரண்டு பாட்டு வைத்து, நடுவில் விசிலோ ரயில் ஒலியோ நான்கு விநாடிக்கு வையுங்கள்.

வெட்டிய கோப்பு முதல் நாள் ஒத்திகையிலிருந்தே தயாராக இருக்க வேண்டும். முழுப் பாட்டுக்குப் பழக்கிவிட்டு விழாவுக்கு மூன்று நாள் முன் வெட்டிய பாட்டைப் போட்டால், இல்லாத வரிக்காகப் பிள்ளைகள் காத்து நிற்பார்கள்.

ஸ்டெப், ஒத்திகை, கையில் கொடுக்கும் பொருள்

பிரீகேஜிக்கு மொத்தம் நான்கு அசைவுகள், எல்கேஜிக்கு ஆறு, யுகேஜிக்கு எட்டு. மேடையில் இடம் மாறுவது யுகேஜிக்கு ஒரு முறை, எல்கேஜிக்கு முடிந்தால் ஒரு முறை, பிரீகேஜிக்கு இல்லவே இல்லை. ஒத்திகை ஒரு நாளைக்குப் பத்து முதல் பதினைந்து நிமிடம், மூன்று வாரம். ஒரே நாளில் ஒரு மணி நேரம் பிழிந்தால் மறுநாள் பாட்டைக் கேட்டதுமே 'மிஸ், வேணாம்' என்று வரும்.

எதிரில் நின்று சொல்லிக் கொடுக்கும் ஆசிரியை கண்ணாடி போல ஆட வேண்டும். பிள்ளைகள் வலது கையைத் தூக்க வேண்டுமென்றால் நீங்கள் இடது கையைத் தூக்குங்கள். விழாவன்றும் அவர்தான் மேடைக்குக் கீழே, முகத்தில் வெளிச்சம் படும்படி, அதே இடத்தில் உட்கார்ந்து ஆட வேண்டும். துணிச்சலான பிள்ளைகளை முன்வரிசையின் இரு ஓரங்களிலும் நடுவிலும் நிறுத்துங்கள். மற்றவர்கள் பார்த்து ஆட ஆள் வேண்டும். நிற்கும் இடத்தைத் தரையில் வண்ண இன்சுலேஷன் டேப்பால் குறித்துவிட்டால் நகராமல் இருப்பார்கள். அதே நிறத்தில் வகுப்பறைத் தரையிலும் ஒட்டிப் பழக்குங்கள்.

பாட்டுக்கேற்ற பொருள் என்று ஆசைப்பட்டு மழைப் பாட்டுக்குக் குடை கொடுப்பார்கள். குடைக் கம்பியின் முனை சரியாகப் பக்கத்துக் குழந்தையின் கண் உயரத்தில் இருக்கும். பலூன் வெடித்தால் பாதி வகுப்பு அழும். பூ தூவினால் அடுத்த வகுப்பு வழுக்கும். மெல்லிய துணித் துண்டு, ரிப்பன், மணிக்கட்டில் கட்டும் சலங்கை ஆகியவை போதும். கரகம் வேண்டுமென்றால் தெர்மாகோலில் செய்தது, தலையில் வைக்காமல் கையில் பிடிப்பது. மிருக முகமூடி கண்ணை மறைத்து மூச்சையும் முட்டும். நெற்றிக்கு மேல் நிற்கும் தொப்பியாகச் செய்யுங்கள். உடையையும் பொருளையும் விழாவுக்கு ஒரு வாரம் முன்பே போட்டுப் பார்க்காவிட்டால், மேடையில் ஆட்டத்தை விட்டுவிட்டு ஜிகினாவைப் பிய்த்துக்கொண்டிருப்பார்கள்.

நிகழ்ச்சி வரிசை

எல்லா வகுப்பின் பாட்டுகளையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். மூன்று மழைப் பாட்டு, இரண்டு ரயில் பாட்டு என்று முட்டுவது அப்போதுதான் தெரியும். பிரீகேஜி ஆட்டம் நிகழ்ச்சி தொடங்கிய இருபது நிமிடத்துக்குள் முடிய வேண்டும். குத்துவிளக்கு, வரவேற்புரை, ஆண்டறிக்கை, தலைமையுரை எல்லாம் முடிந்து அவர்கள் மேடையேறினால் பாதிப் பேர் தோளில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். உரைகளைப் பிரித்து ஆட்டங்களுக்கு நடுவில் போடலாம். சிறப்பு விருந்தினர் கோபித்துக்கொள்ள மாட்டார், அவருக்கும் அதுதான் வசதி.

மேடையில் ஒலி

கோப்புகளை எம்பித்ரீயாகப் பென் டிரைவில் ஏற்றி, பெயரின் தொடக்கத்தில் 01, 02 என்று வரிசை எண் கொடுங்கள். பெயரை ஆங்கில எழுத்தில் வையுங்கள். மைக்செட்காரர் வைத்திருக்கும் சிறிய பிளேயர்கள் பலவற்றில் தமிழ் எழுத்து வெறும் கட்டங்களாகத் தெரியும். இன்னொரு பென் டிரைவிலும், ஒரு போனிலும் அதே கோப்புகள் இருக்கட்டும். அந்தப் போன் விமானப் பயன்முறையில் இருக்க வேண்டும். நடு ஆட்டத்தில் யாராவது அழைத்தால் ரிங்டோன்தான் பந்தல் முழுக்க ஒலிக்கும்.

பழைய பாட்டு சன்னமாகவும் புதிய பாட்டு காதைப் பிளப்பதாகவும் இருக்கும். அடாசிட்டியில் 'லவுட்னஸ் நார்மலைசேஷன்' என்ற வசதியில் எல்லாக் கோப்புகளுக்கும் ஒரே அளவைக் கொடுத்துச் சமப்படுத்துங்கள். ஸ்பீக்கர் பெட்டிகள் பிள்ளைகள் நிற்கும் இடத்துக்கு நேர் பக்கத்தில், அவர்கள் காது உயரத்தில் இருக்கக் கூடாது. தள்ளி, உயரத்தில், கூட்டத்தைப் பார்த்து இருக்கட்டும். ஆனால் பெட்டிகள் எல்லாம் கூட்டத்தையே பார்த்திருந்தால் மேடையில் பாட்டு மங்கலாகத்தான் கேட்கும். பிள்ளைகள் தாளத்தில் அரை அடி பின்தங்கி ஆடுவதற்கு இது ஒரு காரணம். மேடை ஓரத்தில் உள்நோக்கி ஒரு சிறிய பெட்டி, குறைந்த ஒலியில் கேளுங்கள். புகை இயந்திரமும் மின்னி மின்னி அணையும் விளக்கும் வேண்டாமென்று முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

சில விழாக்களில் இசை மட்டும் கேட்கும், பாடும் குரல் காணாமல் போகும். 'கோப்பு கெட்டுப்போச்சு' என்று எல்லாரும் பதறுவார்கள். கெட்டது கோப்பு அல்ல, கேபிள். போனின் ஸ்டீரியோ பின்னிலிருந்து மிக்ஸரின் ஒரே சேனலுக்கு மூன்று தொடுமுனை உள்ள தடித்த பின்னைச் செருகினால், இடது பக்க ஒலியிலிருந்து வலது பக்க ஒலியை அந்த மிக்ஸர் கழித்துவிடும். குரல் இரண்டு பக்கமும் ஒரே அளவில் பதிவாகியிருப்பதால் அது மட்டும் காலியாகும். கோப்பை மோனோவாக, அதாவது இரண்டு பக்கமும் ஒரே ஒலியாக, மாற்றிவிட்டால் சரியாகும் என்று நினைத்தால் குரலோடு இசையும் சேர்ந்து போய்விடும். ஸ்டீரியோ பின் ஒரு முனையிலும், தனித்தனி மோனோ பின்கள் இரண்டு மறுமுனையிலும் உள்ள கேபிளை மைக்செட்காரர் கொண்டுவருகிறாரா என்று கேட்டுவிடுங்கள். மாலை விழா என்றால் மதியமே ஒவ்வொரு கோப்பின் முதல் பத்து விநாடியையும் கடைசிப் பத்து விநாடியையும் பந்தலில் ஓட்டிப் பாருங்கள். இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. பிள்ளைகளின் தூக்கத்தை நினைத்தால் எட்டு மணிக்கே முடித்திருக்க வேண்டும்.

வீடியோ போடும் முன்

பள்ளி நிகழ்ச்சியாக மாணவர்களும் ஆசிரியர்களும் நடத்தி, பெற்றோரும் பள்ளியோடு தொடர்புடையவர்களும் மட்டும் பார்க்கும் நிகழ்ச்சிக்கு 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு விலக்கு தருகிறது. அந்த விலக்கு யூடியூபில் வீடியோ ஏற்றுவதற்குப் பொருந்தாது. திரைப்பாட்டு இருந்தால் ஒலி முடக்கப்படலாம், வீடியோவே தடைபடலாம். இந்தியாவில் ஒருவரின் எழுத்துக்கான உரிமை அவர் இறந்து 60 ஆண்டு வரை உண்டு. பாரதியார் 1921-லும் கவிமணி 1954-லும் மறைந்தவர்கள் என்பதால் அவர்களின் வரிகளை யாரும் பயன்படுத்தலாம். ஆனால் அந்த வரிகளுக்கு இன்னொருவர் அமைத்த இசைக்கும் செய்த ஒலிப்பதிவுக்கும் தனி உரிமை உண்டு. உங்கள் ஆசிரியையே சொந்த மெட்டில் பாடிப் பதிவு செய்ததென்றால் இந்தத் தொல்லை கிடையாது. குழந்தைகளின் முகம் தெரியும் வீடியோவைப் பொதுவில் போட ஒவ்வொரு பெற்றோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ஒருவர் மறுத்தாலும் பெற்றோர் குழுவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

விழா முடிந்த அந்த வாரத்திலேயே ஒவ்வொரு பாட்டுக்கும் வெட்டிய கோப்பு, அடி எண்ணிக்கை, எந்த வகுப்பு ஆடியது, எந்த இடத்தில் பிள்ளைகள் நின்றுபோனார்கள் என்று நான்கு வரி எழுதிப் பள்ளிக் கணினியில் ஒரே கோப்புறையில் வையுங்கள். அடுத்த ஆண்டு பொறுப்பேற்பவர் வேறு ஆளாக இருப்பார்.